யுபிவிசி ஜன்னல் தீயைத் தாங்குமா?

கேள்வி: கோவையில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறோம். தேக்கு கட்டுப்படியாகவில்லை, ஜன்னல்களுக்கெல்லாம் யுபிவிசி என்று முடிவு செய்திருக்கிறோம். சமையலறை ஜன்னல் சரியாக அடுப்புக்கு மேலே வருகிறது. பிளாஸ்டிக்காயிற்றே என்று என் மாமியாருக்குக் கவலை. கடைக்காரர் ஒரு துண்டை லைட்டரால் கொளுத்திக் காட்டினார். லைட்டரை எடுத்ததுமே அணைந்துவிட்டது. "இது ஃபயர் ப்ரூஃப். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் எஃப்.ஆர். கிரேடு, அதாவது தீயை அடக்கும் மருந்து கலந்த வகை, தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவர் காட்டிய சோதனை பொய் இல்லை. அதை வைத்து அவர் சொன்ன முடிவுதான் தவறு.

யுபிவிசி என்பது இளக்கும் பொருள் சேர்க்காத, விறைப்பான பிவிசி பிளாஸ்டிக். பிவிசி என்ற பொருளின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். சூடு ஏறும்போது அந்தக் குளோரின் அமில வாயுவாக வெளியேறித் தீயை அடக்கும். மரம் எரிய காற்றில் 21, 22 சதவீத ஆக்ஸிஜன் போதும். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. யுபிவிசி தொடர்ந்து எரிய சுமார் 45 சதவீதம் வேண்டும். லைட்டரை விலக்கியதும் அணைந்ததற்கு இதுதான் காரணம். பற்றிக்கொள்வதில் தேக்கைவிட யுபிவிசி நல்லது என்று உங்கள் மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் பற்றாமல் இருப்பது வேறு, தாங்குவது வேறு. கடைக்காரர் கொளுத்திய அதே துண்டை வீட்டுக்கு வாங்கி வந்து, கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, இடுக்கியால் எடுத்து வளைத்துப் பாருங்கள். நான் பார்த்தேன். முருங்கைக்காய்போல விறைப்பாக இருந்தது, வெந்த சேமியாபோலத் துவண்டுவிட்டது. பிளம்பர் பைப்பை வாட்டி வளைக்கிறாரே, அதே சங்கதிதான். சுமார் 80 டிகிரியில் யுபிவிசி இளக ஆரம்பிக்கும். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் மேலே இருக்கும் சட்டத்துக்கு அந்தச் சூடு வர எவ்வளவு நேரம் ஆகும்?

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் லண்டன் கிரென்ஃபெல் டவர். 2017 ஜூன் 14 அன்று நான்காவது மாடி வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜில் தொடங்கிய தீ, கட்டடத்தின் வெளிச்சுவருக்குத் தாவி 72 உயிர்களைக் கொண்டுபோனது. அந்தத் தீ வீட்டை விட்டு வெளியேறிய வழி எது? ஜன்னலைச் சுற்றி உள்பக்கம் அடித்திருந்த யுபிவிசி பலகை சூடான புகை பட்டு நெளிந்து விழுந்து, பின்னால் இருந்த இடைவெளியைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று 2019-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது. அதாவது அந்தப் பலகை எரிந்து வழிவிட்டதாக அறிக்கை சொல்லவில்லை. இளகி வழிவிட்டதாகத்தான் சொல்கிறது. வெளிச்சுவரில் எரியும் தகடு ஒட்டியிருந்ததால் அங்கே அது பேரழிவாயிற்று. உங்கள் செங்கல் சுவருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் பிளாஸ்டிக் எப்படித் தோற்கும் என்பது அதில் தெரிகிறது.

சரி, அந்த எஃப்.ஆர். கிரேடு? கையில் 'வி-0' என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அந்தச் சோதனையில் ஒரு சிறு துண்டின் அடியில் பத்து பத்து வினாடியாக இரண்டு முறை சுடர் காட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் பத்து வினாடிக்குள் அணைய வேண்டும். கடைக்காரரின் லைட்டர் வித்தையை ஆய்வகத்தில் ஒழுங்காகச் செய்வதுதான் இது. எதுவும் சேர்க்காத நல்ல யுபிவிசியே பொதுவாக இதில் தேறிவிடும். கூடுதலாகச் சேர்க்கும் ஆண்டிமனி ஆக்சைடு சுடரை அடக்கும், ஆனால் புகையைக் குறைக்காது. அலுமினியம் ஹைட்ராக்சைடு 200 டிகிரிக்கு மேல் தண்ணீரை விட்டுக் குளிர்விக்கும், புகையும் குறையும். நல்ல வேலைதான். ஆனால் 80 டிகிரியில் துவளும் சட்டத்தை 200 டிகிரியில் விழித்துக்கொள்ளும் மருந்து எப்படி நிமிர்த்தி வைக்கும்? அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

மிச்சம் பிடித்ததை உள்ளே போகும் இரும்பில் போடுங்கள். சட்டத்தின் நடு அறைக்குள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) இரும்புச் சட்டம் நுழைத்து ஸ்க்ரூ அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் இளகினாலும் கண்ணாடியோடு சேர்ந்து சரியாமல் கொஞ்ச நேரம் பிடித்து நிற்பது அதுதான். செலவைக் குறைக்க நான்கு பக்கத்தில் இரண்டு பக்கம் மட்டும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மூலைகளை வெல்டிங் செய்வதற்கு முன் பட்டறைக்குப் போய் வெட்டுவாயில் கண்ணால் பாருங்கள். பொருத்திய பிறகு என்றால், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சட்டத்தின் மேல் நகர்த்தினால் எங்கே இழுக்கிறது, எங்கே இழுக்கவில்லை என்று தெரியும். கண்ணாடி டஃப்பன்ட் (கடினப்படுத்திய) வகையாக இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடி சூட்டில் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும்.

அடுத்து, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடிக்கும் ஃபோம். இதை யாருமே கேட்பதில்லை, எனக்கு இதில்தான் அதிகக் கவலை. மஞ்சளாகப் பொங்கி வரும் சாதாரண ஃபோம் சட்டத்தைவிடப் பல மடங்கு எளிதாகப் பற்றும். தீ தாங்கும் வகை தனியாக விற்கிறது, பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறத்தில் வரும். டப்பாவைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். சமையலறைக்கு மட்டுமாவது அந்த இடைவெளியைச் சிறியதாக வைத்து சிமென்ட் கலவையால் பூசி முடிப்பது இன்னும் நல்லது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வீடு இன்னும் கட்டி முடியவில்லையே, அடுப்பை ஜன்னலுக்கு நேர் கீழே இல்லாமல் இரண்டடி பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். மேடை வரைபடத்தில் ஒரு கோடு மாறும், அவ்வளவுதான். அப்புறம், கார்த்திகை அகலை ஜன்னல் சட்டத்தின் மேல் வைக்காதீர்கள். கிரானைட் விளிம்பில், சட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே போட்ட யுபிவிசி ஜன்னலுக்குத் தீ தடுப்புப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். சூட்டில் உப்பி நுரைத்துக் காக்கும் அந்தப் பெயின்ட் இரும்புக்கும் மரத்துக்கும் செய்தது. அது உப்புவதற்குள் உள்ளே பிளாஸ்டிக் இளகிவிடும். திரைச்சீலையைக் கழற்றுங்கள், அதுதான் முதலில் பற்றும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் மாடிப்படி வாசலில் இருந்த கனமான இரும்புக் கதவு துருப்பிடித்துவிட்டது. சங்கத்தில் யுபிவிசி கதவு போடலாம் என்கிறார்கள். விலை பாதிதான்.

பதில்: தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அது வெறும் கதவு இல்லை. கீழே தீப்பிடித்தால் படிக்கட்டுக்குள் புகை வராமல் தடுத்து, நீங்கள் இறங்கி ஓட நேரம் வாங்கித் தருவது. 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடத்தின் மாடிப்படிக்குத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016 கேட்பது 120 நிமிடம் தாங்கும் கதவு. இளகும் சட்டம் அங்கே நிற்காது. எரிந்தால் வரும் அமிலப் புகை கண்ணையும் தொண்டையையும் அடைக்கும், படிக்கட்டில் இறங்குகிறவருக்குக் கண் திறக்க முடியாது. ஐ.எஸ். 3614 என்ற இந்தியத் தர விதியின்படி சோதித்த கதவை, நிலை, கீல், தானாக மூடும் கருவி எல்லாம் சேர்ந்த ஒரே செட்டாக வாங்குங்கள். கதவை ஒருவரிடம், நிலையை இன்னொருவரிடம் வாங்கினால் அந்தச் சான்றிதழ் செல்லாது. வந்து இறங்கியதும் கதவின் ஓரத்தில் அடித்திருக்கும் தகட்டில் நிமிடக் கணக்கு பொறித்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லாரியிலிருந்து இறக்க விடாதீர்கள்.