மணி அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிடுங்கள்

கேள்வி: மடத்தில் சேராமல், வேலை, பிள்ளைகள் என்று இருப்பவர்கள் பெனடிக்ட் சபைத் துறவிகளின் நாளொழுங்கை வீட்டில் கடைப்பிடிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நானும் என் மனைவியும் சில வருடங்களாக அப்படித்தான் இருக்கிறோம். ஆசைப்பட்டு இதில் இறங்குகிற பலர் அதிகாலை மூன்று மணியிலிருந்து தொடங்குகிறார்கள். அலாரம் வைத்து எழுந்து பைபிளில் உள்ள திருப்பாடல் சொல்லி, இரண்டாவது வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். கையில் இருக்கும் வேலையை நிறுத்தப் பழகுவதிலிருந்து தொடங்குங்கள்.

புனித பெனடிக்ட் (ஊர்ப் பெரியவர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்கள்) 6-ஆம் நூற்றாண்டில், இத்தாலியில் மோந்தே கசினோ மலைமேல் இருந்த தன் மடத்துக்காக எழுதிய ஒழுங்குநூல் சின்னதுதான். ஒரு முன்னுரை, 73 அதிகாரங்கள். அதில் 43-ஆம் அதிகாரம், செபத்துக்கான மணி கேட்டதும் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு விரைந்து வரச் சொல்கிறது. 5-ஆம் அதிகாரமும் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியிலேயே விட்டு எழுவதைப் பற்றிப் பேசுகிறது. என்னைக் கேட்டால் மொத்த ஒழுங்கும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. வேலை முடிந்த பிறகு செபம் என்று வைத்துக்கொண்டால் செபத்துக்கு நேரம் வரவே வராது, ஏனென்றால் வேலை முடிவதே இல்லை.

நான் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மதியம் 12 மணிக்கு போன் லேசாக அதிரும்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு பில்லின் நடுவில் இருப்பேன். ஜிஎஸ்டி தொகையில் பாதி எண்தான் தட்டியிருப்பேன். 'இந்த ஒரு என்ட்ரியை மட்டும் முடித்துவிடலாம்' என்று விரல் தானாகப் போகும். அப்போது விரலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதுதான் பயிற்சி. கண்ணை மூடி 123-ஆம் திருப்பாடலை மனசுக்குள் சொல்வேன். நான்கே வசனம். பெனடிக்டே செவ்வாய் முதல் சனி வரை நண்பகலுக்கு வைத்த பாடல்களில் ஒன்று அது. பணியாளரின் கண்கள் தலைவரின் கையையே பார்த்திருப்பதுபோல் எங்கள் கண்கள் ஆண்டவரைப் பார்த்திருக்கின்றன என்று வரும். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒருவனுக்கு, யார் தன் தலைவர் என்று நடுப்பகலில் ஒருமுறை ஞாபகம் வருவது சாதாரண விஷயம் இல்லை. கண்ணைத் திறந்தால் பாதி எண் அப்படியே திரையில் நிற்கும். மீதியைத் தட்டுவேன். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு நான் செபித்ததே தெரியாது.

இதற்குக் கோயில் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். தூரத்தில் வேலை செய்பவர்களும் பயணத்தில் இருப்பவர்களும் அந்தந்த நேரத்தில், இருக்கிற இடத்திலேயே, முடிந்த அளவில் செபிக்கலாம் என்று 50-ஆம் அதிகாரமே வழி விட்டிருக்கிறது. உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு நூல் முழுவதிலும் மிகவும் உதவும் அதிகாரம் இதுதான் என்பேன். பஸ்ஸில் நின்றுகொண்டும் சொல்லலாம். ஊர்க் கோயிலில் காலை, நண்பகல், மாலை என்று மூவேளைச் செபத்துக்கு மணி அடிப்பது உங்கள் காதில் விழுமென்றால் போன் அலாரமும் தேவையில்லை.

அதிகாலை விஷயத்துக்கு வருகிறேன். துறவிகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுகிறார்கள் என்பது தவறான எண்ணம். குளிர்காலத்தில் பாதி இரவுக்குச் சற்று மேலேயே தூங்கி, சாப்பாடு செரித்தபின் எழட்டும் என்றுதான் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. இருட்டியதும் படுத்தவர்கள் அவர்கள். கோடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தம் இல்லாமல் படுத்திருக்கவும் அனுமதி உண்டு. நாம் பதினோரு மணி வரை சீரியலும் ரீல்ஸும் பார்த்துவிட்டு எழும் நேரத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டால் உடம்பு தாங்காது. எழும் நேரத்தைத் தொடாமல், முதலில் படுக்கும் நேரத்தைச் சரி செய்யுங்கள். அன்றைய கடைசி செபத்துக்குப் பிறகு மடத்தில் யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் போன்கள் ஹாலில் உள்ள அலமாரிக்குப் போய்விடும். விருந்தாளி வந்தால் பேசலாம் என்று பெனடிக்டே விலக்குக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு உடம்பு முடியாத இரவுகளில் நாங்களும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறோம்.

செபத்தைவிட எங்கள் வீட்டை அதிகம் மாற்றியது சமையலறை. 35-ஆம் அதிகாரத்தின்படி சகோதரர்கள் வாரமுறை போட்டு ஒருவருக்கொருவர் சமைத்துப் பரிமாற வேண்டும். நோயாளி, மிக முக்கியமான பொறுப்பில் இருப்பவர் தவிர மற்ற எல்லோருக்கும் முறை உண்டு. வாரம் முடிகிறவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். மடத்தின் பாத்திரம் பண்டங்களைப் பீடத்தின் திருப்பாத்திரங்களைப்போல் பார்க்க வேண்டும் என்று 31-ஆம் அதிகாரத்தில் பண்டகசாலைப் பொறுப்பாளருக்குச் சொல்கிறார்.

எங்கள் வீட்டிலும் வாரமுறை வைத்தோம். மனைவி, நான், கல்லூரிக்குப் போகும் மகன். சனிக்கிழமை சாயந்திரம் கைமாற்றும்போது அடுப்பு பர்னரைக் கழற்றித் துடைத்திருக்க வேண்டும். மிக்ஸி ஜார் மூடியின் ரப்பர் வளையத்துக்குள் தேங்காய்த் துருவல் ஒட்டியிருக்கக் கூடாது. பிடிதுணி துவைத்துக் கொடியில் காய வேண்டும். அடுத்த முறைக்காரர் வந்து பார்த்து, 'சரி' என்று சொல்லி வாங்கிக்கொள்வார். என் மகன் முதல் தடவை ரப்பர் வளையத்தைக் கழற்றி பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, காலைப் புகழ் என்கிற காலைச் செபத்தைச் சொல்லும்போது வருகிற அதே அமைதி எனக்கு வந்தது. இருபது வருடமாக அந்த வேலையை யாரும் பார்க்காமல் ஒருத்தியே செய்திருக்கிறாள் என்பதும் அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது.

வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டும் என்பது 48-ஆம் அதிகாரம். ஒரே புத்தகம், தாவாமல். தினமும் கால்மணி நேரம் போதும்.

இதையெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். தவக்காலத்தில் கூடுதலாக ஒரு சின்ன ஒறுத்தல் செய்வதென்றால்கூட மடத்துத் தலைவரிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்கிறது நூல். வீட்டில் கணவன், மனைவி பேசி ஒத்துக்கொண்ட நேரம்தான் நிலைக்கும். ஒருவர் செபிப்பதற்காக இன்னொருவர் இரட்டை வேலை செய்தால் அது பெனடிக்ட் ஒழுங்கே இல்லை. காலைப் புகழின் முதல் திருப்பாடலைச் சற்று இழுத்து, மெதுவாகச் சொல்லச் சொல்கிறார் பெனடிக்ட், எல்லோரும் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று. என் மனைவி சாயந்திரச் செபத்தை அப்படித்தான் ஆரம்பிப்பாள். மகள் டியூஷன் பையைப் போட்டுவிட்டு, முகம் கழுவி வந்து உட்காரும்வரை முதல் பாடல் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் அவளை அதட்டிக் கூப்பிடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலைத்திறனைக் கூட்டும் வழியாக இதை இப்போது சிலர் விற்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம், நல்லதே நடக்கும். ஆனால் பெனடிக்ட் மடத்துக்கு வருகிறவனிடம் பார்க்கச் சொன்னது, அவன் உண்மையிலேயே கடவுளைத் தேடுகிறானா என்பதைத்தான். அந்தத் தேடலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் டைம்டேபிள்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் கரூர் மாவட்டத்தில் குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் இருக்கும் சாந்திவனத்துக்குப் போங்கள். மோன்சனின், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1950-இல் தொடங்கிய ஆசிரமம். 1968-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பெனடிக்ட் துறவி பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பேற்றார். பிறகு பெனடிக்ட் மரபின் கமால்டோலி சபையோடு இணைந்தது. காலைச் செபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி என்று நாளின் மூன்று வேளைக்கும் மூன்று அடையாளம் வைத்திருக்கிறார்கள். விருந்தினர் தங்க இடம் உண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு போவது நல்லது. திரும்பி வந்து எந்த நேரத்தை எடுத்துக்கொள்வது என்று எல்லோரும் சேர்ந்து பேச வசதியாக இருக்கும்.