கேள்வி–பதில்: அயல்நாட்டு வகுப்பறையும் மாணவர் கைப்பேசியும்

கேள்வி: நான் அரூர் அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் ஓர் அரசுப் பள்ளியில் சேர இருக்கிறேன். இங்கே மாணவரிடம் செல்போனைக் கண்டால் வாங்கி வைத்துக்கொண்டு பெற்றோரை அழைத்து வரச் சொல்வோம். அத்துடன் பிரச்சினை முடிந்துவிடும். அங்கே போனைத் தொட்டாலே புகார் வரும் என்று முன்பே சென்றவர்கள் சொல்கிறார்கள். நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும், ஐயா?
– வாசகர், அரூர், தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் அச்சத்தில் பாதி தேவையற்றது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுக் கல்வி மற்றும் ஆய்வுச் சட்டம், ஒழுங்கு நடவடிக்கையாக மாணவரின் பொருளை வாங்கி வைக்கும் ஆசிரியருக்கு, அவர் நியாயமான முறையில் செயல்பட்டிருந்தால், அப்பொருள் தொலைந்தாலும் சேதமடைந்தாலும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று பாதுகாப்புத் தருகிறது. எனவே போனை வாங்குவது குற்றமன்று. மாணவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவதுதான் உங்களைச் சிக்கலில் தள்ளும். அங்குள்ள அரசுப் பள்ளிகளில் உடல் தண்டனை 1987 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், மாணவரின் தோளைப் பிடித்து இழுப்பதுகூட வேறு கண்ணோடு பார்க்கப்படும்.

2024 பிப்ரவரியில் அந்நாட்டுக் கல்வித்துறை வெளியிட்ட வழிகாட்டுதல், இடைவேளையும் மதிய உணவு நேரமும் உட்படப் பள்ளி நாள் முழுவதும் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடுக்கச் சொல்கிறது. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதைப் பள்ளியிடமே விட்டிருந்தது: வளாகத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்று சொல்லும் பள்ளி உண்டு; காலையில் வாங்கி வைத்து மாலையில் தருவதும், பூட்டிய பெட்டியில் வைக்கச் செய்வதும் உண்டு; பைக்குள் இருக்கலாம், ஆனால் வெளியே தெரியவோ ஒலிக்கவோ கூடாது என்பதும் உண்டு. உங்கள் பள்ளி இவற்றில் எதைப் பின்பற்றுகிறது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள். மாணவர் நடத்தை விதிகளைப் பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கும். அதை வரிவரியாகப் படியுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். அரூரில் நீங்கள் சொன்னால் மாணவன் கேட்கிறான் என்றால், அதற்கு உங்கள் குரல் மட்டும் காரணமன்று. அவன் தந்தை உங்களை அறிந்தவர், சந்தையில் பார்த்தால் வணங்குபவர், மகனைக் கண்டிக்கும் உரிமையை உங்களுக்குத் தாமாகவே தந்திருப்பவர். கடல் கடந்த ஊரில் இந்தப் பின்புலம் எதுவும் உங்களுடன் வராது. அங்கே பக்கத்து வகுப்பறையில் உள்ள ஆசிரியர் எந்த விதியை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறாரோ, அதே அளவுக்கு நீங்களும் கடைப்பிடிப்பதிலிருந்துதான் அதிகாரம் பிறக்கிறது. புதிதாக வந்தவர் என்பதால் கண்டும் காணாமல் விட்டாலும், நம் ஊர்க் கண்டிப்பைக் காட்ட நினைத்து விதியில் இல்லாத தண்டனையைக் கொடுத்தாலும், மாணவர்கள் அந்த வேறுபாட்டை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாணவர் மேசைக்கு அடியில் போனைப் பார்ப்பது தெரிந்தால், பாடத்தை நிறுத்தாமல் அவர் அருகில் சென்று, தாழ்ந்த குரலில், பள்ளி விதிப்படி அதை ஒப்படைக்கச் சொல்லிவிட்டுச் சில நொடிகள் அவகாசம் கொடுங்கள். மறுத்தால் மற்றவர் முன்னிலையில் வாதாட வேண்டாம். மூத்த ஆசிரியர் ஒருவரை வகுப்புக்கு அழைக்கும் ஏற்பாடு பல பள்ளிகளில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்தில் ஒன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை குறிப்பிடுகிறது. ஒரு மாணவருடன் நீங்கள் நடத்தும் சச்சரவு வகுப்பு முழுவதன் கவனத்தையும் கலைத்துவிடும் என்பதால், இது உங்கள் கௌரவத்தைவிட அவர்கள் படிப்பைப் பற்றிய கேள்வியாகிறது.

வாங்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள் பலர் கையில் ஒட்டிய சென்சார் மூலம் தங்கள் இரத்தச் சர்க்கரை அளவைப் போனில்தான் பார்க்கிறார்கள். சர்க்கரை இறங்கினால் எச்சரிக்கை ஒலிப்பதும் அதில்தான். இத்தகையோருக்குப் பள்ளி விலக்கு அளித்திருக்கும். அவர்கள் யார் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட இதில் மறதிக்கு இடமே கிடையாது.

வாங்கிய போனைத் திறந்து பார்க்காதீர்கள். உறையிலிட்டுப் பெயர் எழுதி அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். அதில் ஆபாசப் படம் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், ஆதாரத்துக்காகக்கூட அதைப் பார்ப்பதோ நகலெடுப்பதோ பிறருக்கு அனுப்புவதோ கூடாது. பிள்ளைகள் பாதுகாப்புக்கென ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவரிடம் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் அபுதாபியில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வகுப்பில் போன் பார்க்கும் மாணவர்களைத் தன் போனில் படமெடுத்துப் பெற்றோருக்கு அனுப்பலாமா என்று கேட்கிறாள்.
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வேண்டவே வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டம், ஒருவரை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதையும் அதைப் பகிர்வதையும் சிறைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றமாக வைத்திருக்கிறது. நல்ல நோக்கத்துக்காகத்தான் எடுத்தேன் என்பதை நம்பி ஓர் ஆசிரியை அங்கே துணியக் கூடாது. நாள், பாடவேளை, தான் கண்டது ஆகியவற்றை எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்கட்டும். பெற்றோரிடம் பேசுவதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். ஆண்டு விழாவிலோ வகுப்பறையிலோ பிள்ளைகளுடன் எடுத்த படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி வீட்டில் உள்ளவர்களும் மகளிடம் கேட்காமல் இருப்பது நல்லது.