காதை நம்பாதீர்கள்: சொல் பிறந்த கதை கேட்டவர்களுக்குப் பதில்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் 31 வருடம் புரூஃப் பார்த்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், மாரியம்மன் பண்டிகை அழைப்பிதழ் என்று பிழை பார்த்துப் பார்த்தே சொல்லின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. நம் வட்டத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. இரண்டு நாள் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு சொல் ஒரே மாதிரி ஒலிப்பதாலேயே உறவாகிவிடாது. புது பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அச்சு அசலாக என்னைப் போலவே ஒருவரைப் பார்த்தேன். அவர் என் அண்ணன் இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி): பாட்டி ‘சுடுதண்ணி’ என்று சொன்னால் அண்ணன் கேலி செய்கிறான். அது தப்பா ஐயா?

தண் என்றால் குளிர்ச்சி. தண் + நீர் தண்ணீர். அந்தக் கணக்கில் சுடுதண்ணி என்றால் ‘சூடான குளிர்ந்த நீர்’. அண்ணன் சிரிக்கட்டும். ஆனால் அவன் தலைக்கு என்ன தேய்க்கிறான் என்று கேள் கண்ணு. தேங்காய் எண்ணெய்தானே? எள் + நெய்தான் எண்ணெய். ஆதியில் எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டும் இருந்த பெயர் அது. அப்புறம் கடலை, தேங்காய், வேம்பு என்று எதைப் பிழிந்தாலும் எண்ணெய் என்றாகிவிட்டது. கடைசியில் எள்ளில் எடுத்ததற்கே தனிப் பெயர் இல்லாமல் போய், ‘நல்லெண்ணெய்’ என்று புதிதாக ஒன்று வைக்க வேண்டியிருந்தது.

இதில் உச்சம் மண்ணெண்ணெய். மண், எள், நெய். ரேஷன் கடையில் அஞ்சு லிட்டர் கேனோடு மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். அந்தக் கேனில் மண்ணும் இருந்ததில்லை, எள்ளும் இருந்ததில்லை, நெய் சுத்தமாக இருந்ததில்லை. யாரும் தப்பு என்று சொல்லவில்லை. பாட்டியும் சுடுதண்ணி என்றே சொல்லட்டும்.

கேள்வி: ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் தமிழ்ச் சொற்களா?

போர்த்துகீசியம். அவர்கள் ஊரில் ஜனேலா, ஷாவி, அர்மாரியு. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். பின்னாலேயே மேசை, துவாலை, பீப்பாய், பேனா, ஏலம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கரையேறின. நம்மிடம் சாளரமும் திறவுகோலும் இருக்கத்தான் இருந்தன. புதுச் சரக்கு புதுப் பெயரோடு வந்தால் மக்கள் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கிறாரே மேஸ்திரி, அவரும் அதே கப்பல்தான். ‘மெஸ்த்ரெ’ என்றால் தொழில் தெரிந்த தலைவன்.

கேள்வி: அன்னாசி, பப்பாளி, கொய்யா தமிழ்ச் சொற்களா?

மேலே உள்ள பதிலைப் பார்க்கவும். பழம் அமெரிக்கக் கண்டத்துப் பழம். பெயரும் அங்கிருந்தே போர்த்துகீசியர் வாய் வழியாக வந்தது.

கேள்வி (ஏற்காடு, தோட்டக்காரர்): எங்கள் மலையின் கமலா ஆரஞ்சு பிரசித்தம். ஆரஞ்சு என்ற ஆங்கிலச் சொல்லே நம் நாரத்தையிலிருந்து போனது என்கிறார்கள். நம்பலாமா?

இதை நம்பலாம், ஏனென்றால் இதற்கு வழி தெரிகிறது. வடமொழியில் நாரங்கம். அது திராவிட மொழிகளிலிருந்து அங்கே போயிருக்க வேண்டும் என்றுதான் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தையும் மலையாளத்து நாரங்ஙாயும் பக்கத்திலேயே நிற்கின்றன அல்லவா? அங்கிருந்து பாரசீகத்துக்கு ‘நாரங்’, அரபிக்கு ‘நாரஞ்ச்’, ஸ்பெயினுக்கு ‘நரான்ஹா’. அதுவரை ‘ந’ பத்திரமாக இருக்கிறது. இத்தாலியிலும் பிரான்சிலும்தான் தொலைந்தது. அங்கே ‘ஒரு’ என்று பொருள்படும் ‘உனா’ முன்னால் வரும். ‘உனா நரான்சா’ என்று வேகமாகச் சொன்னால் எந்த ‘ன’ யாருடையது என்று தெரியாது. பழத்தின் எழுத்தை முன்னால் நின்ற சொல் விழுங்கிவிட்டது. அப்படி முதல் எழுத்தை இழந்துதான் பழம் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊர் ஊராக வழி காட்ட முடிகிறது பாருங்கள். நான் கேட்பது இதைத்தான்.

கேள்வி: ஏற்காட்டுப் பகோடா பாயிண்ட்டில் முன்பு பக்கோடா விற்றார்களா?

இப்போதும் விற்கிறார்கள், ஆனால் பெயர் அதனால் வந்ததில்லை. அங்கே கோபுரம் போல அடுக்கிய கற்குவியல்கள் இருந்தன. கோயிலைப் பகோடா என்பது போர்த்துகீசியர் பரப்பிய சொல். தின்கிற பக்கோடா வேறு ஜாதகம்: ‘பக்வ’ என்றால் வெந்தது, ‘வட’ என்றால் நம் வடை. காதை நம்பாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

கேள்வி: என் பேரனுக்கு ‘ழ’ வரும்படி நல்ல தூய தமிழ்ப் பெயர் வேண்டும்.

அம்மா, நான் பிறந்த சொல்லுக்குக் கதை சொல்பவன். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை அத்தைக்குத்தான்.

கேள்வி (இன்ஜினியர், ஐந்து ரோடு): ஆங்கிலம் முழுக்கத் தமிழ்தான் என்று ஒரு காணொளி பார்த்தேன். கேஷ் என்பது காசு, ஒன் என்பது ஒன்று, எயிட் என்பது எட்டு. மறுக்க முடியுமா?

தம்பி, முதலில் சுலபமானது. எயிட்டுக்கு லத்தீன் ‘ஆக்டோ’, வடமொழி ‘அஷ்ட’. மூன்றும் ஒரு தாய் மக்கள். ஆங்கிலத்தின் பழைய வடிவங்களைத் தேடிப் பின்னால் போகப் போக நம் எட்டை விட்டு விலகித்தான் போகும். உறவு இருந்தால் நெருங்கி வர வேண்டும். ‘ஒன்’ என்பதும் அப்படியே, லத்தீன் ‘ஊனுஸ்’ பக்கம் போய்விடும். தற்செயல்.

கேஷ் சுவாரசியமானது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு. கையில் புரளும் ரொக்கம் என்கிற கேஷ் ஐரோப்பாவில் ‘பெட்டி’ என்று பொருள்படும் ‘காஸா’விலிருந்து வந்தது. பணப்பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே பெட்டியின் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் கல்லாவைக் ‘கேஷ்’ என்று கடைக்காரர் சொல்கிறாரே, அவர் தெரியாமலே பழைய பொருளுக்குத் திரும்பியிருக்கிறார். இன்னொரு கேஷ், கிழக்கு நாடுகளில் புழங்கிய சில்லறைச் செப்புக்காசுக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர். அது நம் காசு, போர்த்துகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகிப் போனது. ஆகவே காணொளிக்காரர் பாதி சரி. பாதி சரி என்பதுதான் ஆபத்து, மீதிப் பாதியையும் நம்ப வைத்துவிடும்.

கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி, அணைக்கட்டு என்று ஆங்கிலத்துக்கு நாம் நிஜமாகவே கொடுத்தது இருக்கிறது. கொடுத்ததைச் சொல்லவே நேரம் போதவில்லை, கொடுக்காததை எதற்குச் சொல்ல வேண்டும்?

கேள்வி: பெப்பர் என்பது மிளகிலிருந்து வந்ததா?

இல்லை, திப்பிலியிலிருந்து. வடமொழி ‘பிப்பலி’ கிரேக்கம் போய், லத்தீன் போய், பெப்பர் ஆனது. கஷாயத்துக்குப் போடுவதன் பெயரை ரசத்துக்குப் போடுவதற்கு வைத்துவிட்டார்கள்.

கேள்வி: கக்கூஸ் தமிழா?

டச்சு. ‘காக்’ + ‘ஹவுஸ்’. முதல் பாதிக்கு அர்த்தம் கேட்காதீர்கள், குழந்தைகளுக்குத் தெரியும். துட்டும் அவர்களுடையதுதான், ‘டாய்ட்’ என்ற செப்புக்காசு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி ஆண்டுவிட்டு நம்மிடம் விட்டுப்போனதில் நிலைத்தவை இவை இரண்டும்.

கேள்வி: சேலை நெய்ததால்தான் சேலம் என்று பெயரா?

கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். சைலம் என்றால் மலை, அதிலிருந்து என்பவர்களும் உண்டு. சேரர் பெயரிலிருந்து என்பவர்களும் உண்டு. கல்வெட்டு வரியை முன்னால் வைத்தால் பேசலாம்.

கேள்வி: வக்கீல், வசூல், பாக்கி, ஜப்தி தமிழா? கொலுசு தமிழா? ராஜினாமா தமிழா?

முதல் நாலும் அரபி, பாரசீகம். கச்சேரி என்று அப்போது சொன்ன அரசு அலுவலகத்தின் கணக்கர்கள் வழியாக வந்தவை. கொலுசு தெலுங்கு, சங்கிலி என்று பொருள். ராஜினாமா பாரசீகம், அங்கே ‘சம்மதப் பத்திரம்’. ‘தமிழா’ என்று மட்டும் இன்னும் பதினான்கு கேள்வி இருக்கிறது. அவற்றுக்குப் பதில் எழுதப் போவதில்லை. எப்படி வந்தது என்று கேளுங்கள், எழுதுகிறேன்.

கேள்வி (ஆத்தூர், ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் குடும்பத்தவர்): ஜாவாவிலிருந்து வந்த அரிசி, அதனால் ஜவ்வரிசி. எங்கள் தாத்தா சொன்னது. இதையும் மறுப்பீர்களா?

மறுக்கத்தான் வேண்டும் சார். ஆனால் மரியாதையோடு, ஏனென்றால் தாத்தா சொன்ன சரித்திரம் சரி. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜவ்வரிசி அந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் மலேயாவிலிருந்தும்தான் கப்பலில் வந்தது. சண்டையில் கப்பல் நின்றது. 1940களில் சேலத்துக்காரர்கள் நம் குச்சிக்கிழங்கை அரைத்து அதே மாதிரி உருட்டிப் பார்த்தார்கள். மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவதுதான் நமக்குக் குச்சிக்கிழங்கு. அப்படி ஆரம்பித்த தொழில்.

பெயருக்கு வருவோம். அக்கம்பக்கத்து மொழிகளைக் கேளுங்கள். தெலுங்கில் சக்குபிய்யம், பிய்யம் என்றால் அரிசி. கன்னடத்தில் சப்பக்கி; அக்கி என்றால் அரிசி. இந்தியில் சாபுதானா; தானா என்றால் தானிய மணி. எல்லாரும் பின்பாதியைத் தங்கள் மொழியில் வைத்திருக்கிறார்கள். முன்பாதியில் சக்கு, சப்பு, சாபு. ஜாவா எங்கே? எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது மலாய்ச் சொல் ‘சாகு’. ஒரு வகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கும் மாவு அது.

அவரே மறுபடியும்: ‘ச’ இல்லை சார், ‘ஜ’. ஊரே ஜவ்வரிசி என்றுதானே சொல்கிறது?

சன்னல் ஜன்னல், சவுளி ஜவுளி. நம் வாயில் இரண்டும் மாறி மாறி வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மளிகைக்கடை விலைப்பட்டியல்களில் சவ்வரிசி என்றுதான் எழுதி வரும். முதலாளி ‘ஜ’ போடச் சொல்வார், மூத்த கம்பாசிட்டர் ‘ச’தான் சரி என்பார். அந்த ஒரு எழுத்துக்காக டீ ஆறிப்போன நாட்கள் உண்டு.

இடையில் சேலத்தில் குகை என்ற பகுதியிலிருந்து ஓர் அம்மா: இரண்டு பேருமே தப்பு. வெந்தால் சவ்வு மாதிரி ஆகிறது, அதனால் சவ்வு + அரிசி. பாயசம் வைக்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

அம்மா, நீங்கள் சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. சொல் அதனால் பிறக்கவில்லை, ஆனால் அதனால்தான் உருமாறியது. ‘சாகு’ என்று காதில் விழுந்த அர்த்தமில்லாத ஒலியை, பாத்திரத்தில் சவ்வாகப் பளபளக்கும் பண்டத்தோடு சேர்த்து யாரோ ஒரு பாயசக்காரர் ‘சவ்வு’ என்று கேட்டிருக்கிறார். காது சும்மா இருக்காது, அர்த்தம் தேடும்.

ஆத்தூர் சார், உங்கள் களத்திலேயே இதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. மழை வந்தால் காயும் ஜவ்வரிசியை எதால் மூடுவீர்கள்? தார்ப்பாய். ‘டார்பாலின்’ என்று வெள்ளைக்காரன் சொன்னான். நமக்குத் தார் தெரியும், பாய் தெரியும். இரண்டையும் ஒட்டித் தமிழாக்கிவிட்டோம். அதே வேலைதான் சாகுவுக்கும் நடந்தது.

ஆத்தூர்க்காரர்: அப்படியானால் சேகோ?

அதுவும் அதே மலாய்ச் சாகுதான் சார்! கடல் வழியாக ஐரோப்பா போய், ஆங்கிலமாகித் திரும்பி வந்தது. முன்னால் வந்தவர் ஜவ்வரிசியாக அடுப்படிக்குப் போனார், பின்னால் வந்தவர் சேகோவாக மில் போர்டில் ஏறினார். ‘சேகோ மில்லில் ஜவ்வரிசி’ என்று நாம் சொல்லும்போது ஒரே ஆளை இரண்டு தடவை கூப்பிடுகிறோம். இதில் வேடிக்கை, உங்கள் மில்லில் சாகுப் பனை ஒரு துளியும் கிடையாது. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் மாவு படியவிட்டு, திப்பியை மாட்டுக்கு அனுப்பிவிட்டு, படிந்த மாவை உருட்டி வறுக்கிறீர்கள். மண்ணெண்ணெயில் எள் இல்லாத மாதிரிதான். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலாய்ப் பெயர், பிரேசில் கிழங்கு, சேலத்து உரிமை.

கேள்வி: எவர்சில்வர் தமிழா?

பதினைந்தாவது.

ஆத்தூர்க்காரர், கடைசியாக: சரி சார், பாதி ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மில்லுக்குப் புது போர்டு எழுதப்போகிறோம். சவ்வரிசியா, ஜவ்வரிசியா, சேகோவா?

எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். பெயின்டர் கையில் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள். போன மாதம் ஆத்தூர் ரோட்டில் பார்த்த ஒரு போர்டில், ஆள் உயர எழுத்தில், ‘ஜவ்வரசி’ என்று இருந்தது.