அருந்ததி ராயின் நாவலில் வரும் அய்மனம் உண்மையான ஊரா?

‘சின்ன விஷயங்களின் கடவுள்’ நாவலின் அய்மனம் கற்பனையா என்று கேட்டிருக்கிறீர்கள். அது கோட்டயத்தை அடுத்துள்ள உண்மையான கிராமம். 1961இல் ஷில்லாங்கில் பிறந்த அருந்ததி ராய், பெற்றோர் பிரிந்தபின் சிறிது காலம் ஊட்டியிலும் பிறகு அய்மனத்திலும் வளர்ந்தார். 1997இல் புக்கர் பரிசு பெற்ற அந்நாவல், மே மாத வெக்கையில் ஆறு சுருங்கிக் கிடக்க, காகங்கள் மாம்பழங்களைத் தின்று தீர்க்க, பலாப்பழங்கள் வெடிக்கத் தொடங்குகிறது. ஆயினும் என்னை மிகவும் உலுக்கியது அவ்வூர் வழியே ஓடும் மீனச்சில் ஆற்றின் கதிதான்: இரண்டு போகம் நெல் விளைய வேண்டும் என்பதற்காக உப்புநீர்த் தடுப்பணை கட்டப்பட்டுவிட, சிறுவயதில் பயமும் ஆசையுமாகப் பார்த்த அதே ஆறு, 23 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பும் நாவலின் நாயகி ராஹேலின் முன், பிளாஸ்டிக் பைகள் மிதக்கும் பாசி படிந்த ஓடையாகக் கிடக்கிறது. பால்யத்தில் அந்த நீரில் நின்று மீன் பிடித்தவரால்தான் இந்த இழப்பை இவ்வளவு நுணுக்கமாக எழுத முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.