‘ரூம்’ படத்தைப் பாதியில் நிறுத்தியவருக்கு

ஐந்து வயது மகனைப் பக்கத்தில் தூங்க வைத்துவிட்டு ‘ரூம்’ (2015) பார்க்க உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டீர்கள்; மேலே பார்க்கலாமா என்கிறீர்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் எழுந்து போனேன். கடத்தப்பட்டு ஓர் அறைக்குள் பூட்டிவைக்கப்பட்ட இளம்பெண்ணும், அங்கேயே அவளுக்குப் பிறந்த ஐந்து வயது மகன் ஜாக்கும்தான் கதை.

கடத்தியவன் அவளைப் பலாத்காரம் செய்யும் காட்சிக்குத்தானே பயப்படுகிறீர்கள்? அது நேராக வராது. கடத்தியவன் வரும் இரவுகளில் ஜாக் அலமாரிக்குள் படுத்திருப்பான். அவனுக்குக் கேட்பதும் தெரிவதும் மட்டும்தான் நமக்கும் கிடைக்கும். அதற்காக லேசான படம் என்று சொல்லமாட்டேன்.

கதை தெரிந்தால் பரவாயில்லை என்றால் படியுங்கள். ஏறக்குறைய பாதிப் படத்திலேயே இருவரும் தப்பிவிடுகிறார்கள். எனக்குக் கனமாக இருந்தது அப்புறம்தான். ஏழு வருடம் தாக்குப்பிடித்த அம்மா வீட்டுக்கு வந்தபின் நொறுங்குகிறாள். அவளுடைய அப்பாவால் பேரனை ஏறெடுத்துப் பார்க்கவே முடியவில்லை. பையனோ, அந்த அறைக்கு ஒருமுறை போய்வரலாமா என்று கேட்கிறான்! அவனுக்கு அதுதானே வீடு. அம்மாவாக நடித்த பிரீ லார்சனுக்கு ஆஸ்கர் கிடைத்தது சரி, ஜாக்காக நடித்த ஜேக்கப் டிரெம்ப்ளேவைப் பரிந்துரைக்கக்கூட இல்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

ஒரு எச்சரிக்கை: பின்பாதியில் அம்மாவின் தற்கொலை முயற்சி வருகிறது. அதனால் ராத்திரி தனியாக வேண்டாம். பகலில், வீட்டில் யாராவது இருக்கும்போது, நிறுத்திய இடத்திலிருந்தே தொடருங்கள். மகன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.