ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் ஒன்றின் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணவரின் குடும்பப் பெயர் கேம்ப்பெல், அது எந்தக் குலம், எந்த ஊர் என்று தெரிய வேண்டும் எனக் கேட்டிருக்கிறீர்கள். என் தங்கையை ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்குத்தான் கொடுத்திருக்கிறோம். அவர்கள் வீட்டுக்காக இந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயரிலிருந்து தொடங்காதீர்கள், ஆளிலிருந்து தொடங்குங்கள்.

அங்கே பெயர் ஒன்றாக இருப்பதால் வம்சமும் ஒன்றாகிவிடாது. உங்கள் கேம்ப்பெல்லையே எடுத்துக்கொள்வோம். 1603இல் கிளென் ஃப்ரூயின் என்ற பள்ளத்தாக்கில் மெக்ரெகர் குலத்தார் எதிரிக் குலத்தவர் பலரை வெட்டிச் சாய்த்தார்கள். மன்னர் ஆறாம் ஜேம்ஸின் அரசு, மெக்ரெகர் என்ற பெயரையே யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று ஆணை போட்டது. 1661இல் தடை நீங்கியது, 1693இல் திரும்ப வந்தது, 1774இல்தான் ஒரேயடியாக ஒழிந்தது. அதுவரை அந்த மக்கள் என்ன செய்வார்கள்? கிரான்ட், டிரம்மண்ட், ஸ்டூவர்ட், கேம்ப்பெல் என்று கிடைத்த பெயருக்குள் புகுந்துகொண்டார்கள். அந்தக் குலத்தின் பேர்போன வீரரான ராப் ராய் மெக்ரெகரே தாய்வழிப் பெயரான கேம்ப்பெல்லில் கையெழுத்துப் போட்டவர். இதில் வேடிக்கை, மெக்ரெகர்களின் நிலங்களைப் பிடுங்கியவர்களில் முக்கியமானவர்கள் கேம்ப்பெல்கள்தான்! தடை போன பிறகும் எல்லாரும் பழைய பெயருக்குத் திரும்பவில்லை. இது போதாதென்று, குலத் தலைவரின் நிலத்தில் குடியிருந்த குத்தகைக்காரர்களும் பாதுகாப்புக்காக அவர் பெயரைச் சூட்டிக்கொண்டதுண்டு. ஷெட்லாண்ட் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் நம்ம இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டிருந்தது.

சரி, ஆளிலிருந்து எப்படிப் போவது? 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவு. ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் பெயர் போட்டுத் தேடுவது இலவசம், பதிவின் படத்தைத் திறக்கத்தான் காசு. என்னைக் கேட்டால் முதல் காசை இறப்புப் பதிவில் செலவழிப்பேன். தகவல் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தால், இறந்தவரின் அப்பா பெயர், அவர் தொழில், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் அதிலேயே இருக்கும். இங்கிலாந்துப் பதிவுகளில் இந்த வசதி கிடையாது. 1855ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவு யாருக்காவது மாட்டினால் அதிர்ஷ்டம்தான். பெற்றோர் எங்கே பிறந்தார்கள், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதுவரை அந்த வருடம் கேட்டு எழுதினார்கள். வேலை தாங்கவில்லை என்று அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான். மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் ஊரில் 1553இலிருந்து இருக்கிறது. ஹைலண்ட் என்ற மலைப் பகுதியில் பல ஊர்களுக்கு 1700களுக்கு முன் ஒன்றும் கிடைக்காது. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அவர்களுக்குத் தனிப் பதிவேடு.

பெயருக்கு முன்னால் வரும் மெக் (Mac) என்பதை எம்சி (Mc) என்று சுருக்கி எழுதியிருந்தால் ஐரிஷ் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள், ஒரே ஆளின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார்கள். எங்களுக்கு வந்த தலைவலி வேறு. தங்கை கணவரின் முன்னோர் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள பக்கி என்ற ஊருக்குப் பக்கத்து மீனவர்கள். அந்தக் கரையோரக் கிராமங்களில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர், முதற்பெயரும் அதே. அதனால் டீ-நேம் என்ற பட்டப்பெயரைப் பதிவேட்டிலேயே சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் சரியான தாத்தாவைத் தேடிப் பிடித்தோம்.

எடின்பரோவில் ராயல் மைல் என்ற தெருவின் கடைகளில் உங்கள் பெயருக்கான சின்னம் என்று விற்பார்கள். வாங்கிச் சுவரில் மாட்டலாம், தப்பில்லை. ஆனால் ஸ்காட்லாந்துச் சட்டப்படி மரபுச் சின்னம் தனி மனிதருக்கு உரியது, ஒரு குடும்பப் பெயருக்கே பொதுவாக உரியது அல்ல. அதை வைத்துப் பூர்வீகம் சொல்ல முடியாது.

காகிதங்கள் ஒரு கட்டத்தில் முட்டி நின்றுவிட்டால் ஒய்-டிஎன்ஏ சோதனை, அதாவது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமைப் பார்க்கும் மரபணுச் சோதனை, செய்து பாருங்கள். அது அப்பா வழியிலேயே இறங்குவதால், உங்கள் கேம்ப்பெல் உள்ளுக்குள் ஒரு மெக்ரெகரா என்று அதில் தெரிய வாய்ப்பு உண்டு. எச்சில் மாதிரி கணவருடையதாகவோ மாமனாருடையதாகவோ இருக்க வேண்டும், உங்களுடையது இதற்கு உதவாது.