ஐஎஸ்டிஎன்னில் 2பி+டி என்கிறார்களே, அந்த டி எதற்கு?

பழைய நெட்வொர்க் பாடத்தில் ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பைப் பற்றி "2பி+டி", அதாவது இரண்டு பி சேனலும் ஒரு டி சேனலும், என்று படித்தீர்களாம். பி இரண்டும் பேசுவதற்கு என்றால் டி எதற்கு, சாதாரண போன் லைனிலிருந்து இது எதில் வேறு என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்த டியில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் பி சுலபம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேசும் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் விநாடிக்கு 64,000 பிட். ஒரு பி சேனல் என்பது இந்த 64 கிலோபிட்தான். எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே குரல் இப்படி எண்களாகப் போவது ஐஎஸ்டிஎன்னுக்கு முன்பே வந்துவிட்டது. கடைசியில் வீட்டுக்கு வரும் செம்புக் கம்பி மட்டும் அனலாகாகவே கிடந்தது. புதுக் கம்பி இழுக்காமல், அதே ஒரு ஜோடிச் செம்பிலேயே எண்களை வீடு வரை கொண்டு வருவதுதான் ஐஎஸ்டிஎன். தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும், இன்று ஐடியு-டி எனப்படும் அமைப்பு, அப்போது சிசிஐடிடி என்ற பெயரில், 1984இல் இதற்கான பரிந்துரைகளை வெளியிட்டது.

சரி, டிக்கு வருவோம். சாதாரண போனில் டயல் செய்யும் ஒலி, மணியடிக்கும் மின்சாரம், நம் குரல் எல்லாம் ஒரே பாதையில்தான் போகின்றன. ஐஎஸ்டிஎன்னில் குரலும் டேட்டாவும் பியில் போகும். யார் யாரை அழைக்கிறார், அது குரலா டேட்டாவா என்ற தகவலெல்லாம் தனியாக டியில், சிறு சிறு செய்திகளாகப் போகும். அழைக்க 'செட்டப்', அங்கே மணி அடிக்கிறது என்று சொல்ல 'அலெர்ட்டிங்', எடுத்துவிட்டார் என்றால் 'கனெக்ட்'. மோடம் அரை நிமிடம் கத்திக் கூச்சலிட்டுச் செய்ததை இது ஓரிரு விநாடியில் முடித்துவிடும். இரண்டு பியும் பேச்சில் இருந்தாலும் மூன்றாவது ஆள் கூப்பிடுகிறார் என்ற தகவல் டி வழியே வந்து சேரும்.

வீட்டு லைனில் டி 16 கிலோபிட், ஆக மொத்தம் 144. அலுவலகங்களுக்குத் தரும் பெரிய இணைப்பு பிஆர்ஐ (PRI, பிரைமரி ரேட் இன்டர்ஃபேஸ்). ஈ1 என்ற வகை டிஜிட்டல் லைனைப் பயன்படுத்தும் நாடுகளில் அது 30பி+டி, அமெரிக்காவில் 23பி+டி. ஈ1இல் ஒரு சேனல் அளவுள்ள 32 இடங்கள் உண்டு: பூஜ்யமாவது இடம் ஒத்திசைவுக்கு, 16ஆவது டிக்கு.

டியின் அருமை எனக்குப் புரிந்தது இப்படி ஒரு பிஆர்ஐ படுத்தபோதுதான். கருவியில் எல்லா விளக்கும் பச்சை. கேபிளை மாற்றினேன், போர்டைக் கழற்றி மாட்டினேன், ஒரு அழைப்புகூடப் போகவில்லை. முப்பது சேனலும் சும்மா உட்கார்ந்திருந்தன. கடைசியில் பார்த்தால் இரு முனையிலும் 'யூசர்' என்று அமைத்திருக்கிறது. ஒரு முனை 'நெட்வொர்க்' ஆக இருக்க வேண்டும். கம்பி நன்றாக இருந்ததால் பச்சை எரிந்தது, ஆனால் டியில் பேச்சே தொடங்கவில்லை. டி படுத்தால் முப்பது பியும் வீண். (அந்த அமைப்பைச் செய்தது நான்தான் என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.)

வேகத்தில் இது தோற்றது. இரண்டு பியைச் சேர்த்தாலும் 128 கிலோபிட்தான், அதற்கு இரண்டு அழைப்புக்கான கணக்கு வேறு விழும். ஏடிஎஸ்எல் என்ற பிராட்பேண்ட் முறை அதே செம்பில் குரலுக்கு மேலான அலைவரிசைகளைப் பிடித்துக்கொண்டு பல மடங்கு கொடுத்தது. அப்புறம் குரலும் இணைய நெறிமுறைக்குப் போய்விட்டது.

டியில் போன செய்திகளுக்கான க்யூ.931 நெறிமுறை மட்டும் சாகவில்லை. ஜிஎஸ்எம் மொபைலின் அழைப்பு முறை அதிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு அஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் ஓடும் சர்வரில் ஒரு அழைப்பு ஏன் அறுந்தது என்று பார்த்தால் அதே பழைய காரண எண்கள்தான் வருகின்றன: 16 என்றால் வழக்கம்போல வைத்துவிட்டார், 17 என்றால் பிஸி, 1 என்றால் அப்படி ஒரு எண்ணே இல்லை.